தாளம் காலுக்கு, பாட்டு மனசுக்கு

வாரத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பட்டியல் என் போனுக்கு வந்துவிடுகிறது. ரத்தக் கொதிப்புக்கு ஆனந்தபைரவி, தூக்கம் வராவிட்டால் நீலாம்பரி, சர்க்கரைக்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று என்று வரிசையாக ராகங்கள். கடைசியில், 'பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று ஒரு வேண்டுகோள். அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார்கள். ஆனாலும் நான் அதை யாருக்கும் அனுப்புவதில்லை. இசையால் மூளைக்கு உண்மையாகவே கிடைக்கும் நன்மை ஒன்று இருக்கிறது. இந்தப் பட்டியல் அதை மறைத்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசையில் இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று தாளம். அது உடம்பை அசைக்கிறது. அநேகமாக எல்லோருக்கும் பொதுவானது. இன்னொன்று பாட்டு. அது மனசைத் தொடுகிறது. ஆனால் அவரவர் எதைக் கேட்டு வளர்ந்தாரோ அதுதான் அவரைத் தொடும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பக்கவாதத்தில் படுத்தவருக்கும், கை கால் நடுக்கம் உள்ளவருக்கும், ஞாபகம் தப்பிய பெரியவருக்கும் வீட்டிலேயே நாம் கொஞ்சம் உதவலாம்.

மேல்மலையனூர்க்காரர்களுக்கு இது புரிவது சுலபம். மாதம் தவறாமல் நம் கண் முன்னால் நடப்பதுதான். அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பம்பை அடிக்க ஆரம்பித்ததும் அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று என்று இரண்டு மேளத்தைச் சேர்த்துக் கட்டிய பம்பை. கூடவே உடுக்கை, கைச்சிலம்பு. தோளில் இருக்கிற கைக்குழந்தை ஆடும். பந்தோபஸ்துக்கு நிற்கிற போலீஸ்காரரின் விரல் லத்தியைத் தட்டும். வெளியூரிலிருந்து சும்மா வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் கால் தானாகத் தாளம் போடும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால் அதே சத்தத்தில் சாமி வருவது ஒரு சிலருக்குத்தான். மற்ற ஆயிரக்கணக்கான பேருக்கு வருவதில்லை. சாமி வருவதைப் பற்றி நான் விளக்கம் சொல்ல வரவில்லை. அது அம்மன் சமாசாரம். கில்பர்ட் ரூஜே என்ற பிரெஞ்சுக்காரர், பல தேசங்களில் மேளம் அடித்து அருள் ஏறும் சடங்குகளை ஆராய்ந்து 1980-இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். மேளத்தின் சத்தம் மட்டும் யந்திரம் மாதிரி யாரையும் அந்த நிலைக்குக் கொண்டுபோவதில்லை, அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அறிந்து வளர்ந்தவருக்குத்தான் அது நடக்கிறது என்பது அவர் வாதம். நம்மூர்க் கோயில் வாசலில் நிற்கிற யாருக்கும் இது புதுச் செய்தி அல்ல. கால் எல்லோருக்கும் ஆடும். மனசு அவரவர் வளர்ப்புப்படிதான் ஆடும்.

முதலில் காலைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் வயசுக்காரர்களுக்கு ஏற்றம் இறைத்தது ஞாபகம் இருக்கும். மேலே மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடக்கிறவர் பாடிக்கொண்டே நடப்பார். அந்தப் பாட்டுக்குள்ளேயே எத்தனை சால் இறைத்தது என்ற கணக்கும் வந்துவிடும். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடும்போது, அந்த மூச்சுச் சத்தம் ஒரு தாளத்தில் இருப்பதால்தான் உலக்கையும் உலக்கையும் மோதுவதில்லை. நடவு வயலில் பாட்டு நின்றால் கையும் தளரும். தாளம் இருந்தால் உடம்பு கணக்குத் தவறாது, சீக்கிரம் களைக்காது என்று நம் முன்னோருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

இதையேதான் டாக்டர்கள் இப்போது நோய்க்குப் பயன்படுத்துகிறார்கள். நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன் நோயில், மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோகின்றன. அந்தப் பகுதிதான் நடை மாதிரி பழகிப்போன அசைவுகளை, நாம் யோசிக்காமலே நேரம் தப்பாமல் நடத்திவைக்கிறது. வீட்டுக் கடிகாரம் மெதுவாக ஓடுகிற மாதிரி அந்த உள்தாளம் பிசகிவிடும். அடி சின்னதாகிவிடும். சில சமயம் வாசற்படி அருகே வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். உடம்பு முன்னே போகும், கால் வராது. விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்கிறார்கள். இந்த வயசில் இடுப்பெலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

உள்தாளம் பிசகினால் வெளியிலிருந்து ஒரு தாளம் கொடுத்தால் என்ன? காதில் விழும் தாளம் அந்தப் பழுதான பகுதியை மட்டும் நம்பியிராமல், மூளையின் வேறு பாதைகள் வழியாகவும் கால் தசைக்குப் போய்ச் சேருகிறது. அமெரிக்காவில் மைக்கேல் தௌட் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் இதைச் சோதித்து 1996-இல் வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தாளம் பதிவு செய்த கேசட்டைக் கொடுத்து, தினம் அரை மணி நேரம், மூன்று வாரம் நடக்கச் செய்தார்கள். நடை வேகம் சராசரியாக 25 சதவீதம் கூடியது, அடியின் நீளமும் கூடியது. தாளம் இல்லாமல் நடந்து பழகியவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர்களுக்கும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

எனக்குத் தெரிந்த, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். அவருக்கு இந்த நோய் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. நடையிலிருந்து கூடத்துக்கு வரும் நிலைப்படியில்தான் அவருக்குக் கால் நிற்கும். அவர் மனைவி பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். சின்ன வயசில் கும்மி அடிப்பதில் பேர் வாங்கியவர். அவர் எந்த ஆராய்ச்சியையும் படிக்கவில்லை. ஒரு நாள் பொறுமை இழந்து, "வாங்க... ஒண்ணு... ரெண்டு..." என்று கும்மிக்குத் தட்டுகிற மாதிரி கை தட்டியிருக்கிறார். ஆசிரியர் தாண்டி வந்துவிட்டார். இன்றைக்கும் அந்த வீட்டில் அப்படித்தான். மாத்திரை வேளை தவறாமல் போகிறது. நிலைப்படியில் கைத்தட்டலும் நடக்கிறது. பேரப்பிள்ளைகள்கூடப் பழகிவிட்டார்கள்.

தமிழில் ஒரு விசேஷம் பாருங்கள். தாளத்துக்குள் அட்சரத்தைப் பிரிக்கிற முறைக்கு நம் சங்கீதக்காரர்கள் வைத்த பெயரே 'நடை' என்பதுதான். நாலு நாலாக வரும் சதுச்ர நடை இரண்டு கால்களுக்கும் சரியாகப் பொருந்தும். 'தகதிமி' என்று சொன்னால் போதும். ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்ட நடையும் ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர நடையும் கச்சேரிக்கு அழகு, தடுமாறும் காலுக்கு ஆகாது. ராகம் எதுவாக இருந்தாலும் இந்த வேலைக்குக் கவலையில்லை. வாட்ஸ்அப் பட்டியலில் தாளத்துக்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்கு அதன்மேல் முதல் குறை.

இனி பேச்சு. பக்கவாதம் இடப்பக்க மூளையைத் தாக்கினால் சிலருக்கு நாம் சொல்வது புரியும், பதில் சொல்ல மட்டும் வாய் வராது. அப்படிப்பட்டவர் பழைய பாட்டு ஒன்றை வார்த்தை தவறாமல் பாடிவிடுவதைப் பார்த்து வீட்டார் திகைத்துப்போவது உண்டு. இதை வைத்து அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர்கள் 1973-இல் ஒரு பயிற்சி முறையை வெளியிட்டார்கள். 'தண்ணி வேணும்' என்பது மாதிரி அன்றாடம் தேவைப்படும் சின்ன வாக்கியத்தை, மேல் சுரம் கீழ் சுரம் என்று இரண்டே சுரத்தில் இழுத்துப் பாடுவது. கூடவே இடது கையால் தாளம் தட்டுவது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டைக் குறைத்துப் பேச்சாக்குவது. எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. புரிந்துகொள்ளும் சக்தி நன்றாக இருந்து பேச மட்டும் முடியாதவர்களுக்குத்தான் ஏற்றது. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியது.

அடுத்தது பாட்டு கேட்பது. பின்லாந்து தேசத்தின் ஹெல்சிங்கியில் பக்கவாதம் வந்த 60 பேரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் இரண்டு மாதம் தினமும் பாட்டு கேட்டார்கள். இன்னொரு பிரிவினர் யாரோ வாசித்துப் பதிவு செய்த புத்தகங்களைக் கேட்டார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் கொடுக்கவில்லை. மருந்தும் மற்ற சிகிச்சையும் எல்லோருக்கும் நடந்தன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பாட்டு கேட்டவர்களுக்குச் சொற்களை ஞாபகம் வைக்கும் திறன் 60 சதவீதம் கூடியிருந்தது. புத்தகம் கேட்டவர்களுக்கு 18, எதுவும் கேட்காதவர்களுக்கு 29. பாட்டு கேட்டவர்களுக்கு மனச்சோர்வும் குறைவாக இருந்தது.

இதில் என் கண்ணில் பட்டது அந்தச் சதவீதம் அல்ல. எந்தப் பாட்டு என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை. நோயாளியே தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தார். இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்ற கணக்கு அங்கே இல்லை. பத்து வயசிலிருந்து முப்பது வயசுக்குள் நடந்தவையும் கேட்டவையும்தான் கடைசிவரை மனசில் நன்றாக நிற்கும் என்று மனநூல் அறிஞர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் பாட்டின் மருந்துச் சீட்டு ஆளுக்கு ஆள் மாறும். திரௌபதி அம்மன் கூத்து விடிய விடியப் பார்த்து வளர்ந்த செஞ்சிப் பக்கத்து விவசாயிக்குக் கூத்துப் பாட்டும் முகவீணையும். இலங்கை வானொலியோடு வளர்ந்த ஆசிரியைக்கு டி.எம்.எஸ்., சுசீலா. மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பாட்டிக்கு அவர்கள் வீட்டுத் தோத்திரம். பாய் வீட்டுப் பெரியவருக்கு நாகூர் ஹனிபா. ஆனந்தபைரவி என்ற பெயரையே கேட்காதவருக்கு ஆனந்தபைரவியை வைத்துவிட்டு, 'இது ரத்தக் கொதிப்புக்கு' என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உடனே சிலர் கேட்பார்கள்: முத்துஸ்வாமி தீட்சிதர் தம் சீடர் தம்பியப்பனின் வயிற்று வலி தீர அடாணா ராகத்தில் குருபகவான்மேல் கீர்த்தனை பாடவில்லையா? பாடினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். நானும் பக்தியோடு கேட்டிருக்கிறேன். அது குருவும் சீடரும் சம்பந்தப்பட்ட கதை. அதிலிருந்து வயிற்று வலிக்கெல்லாம் அடாணா என்று ஒரு விதி செய்ய முடியாது.

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்காவில் 1993-இல், 36 கல்லூரி மாணவர்கள் மோட்சார்ட் இசையைக் கேட்டபின் உருவ அமைப்பை மனசில் கற்பனை செய்யும் ஒரு வகைப் புதிரை நன்றாகப் போட்டார்கள் என்று ஒரு சிறு ஆய்வு வந்தது. அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் நின்றது. ஆனால் 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத் தட்டு கொடுக்கப் பட்ஜெட்டில் பணம் கேட்டார். வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே இந்தக் கூத்து!

ஆகவே இசை எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறதி நோய் வந்தவருக்குப் பழைய பாட்டு முகத்தில் சிரிப்பைக் கொண்டுவரும், மனச்சோர்வைக் குறைக்கும். போன ஞாபகத்தைத் திருப்பித் தராது. பாட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் அவர் மறுபடி, "நீ யாரு?" என்று மகனையே கேட்பார். அதனால் அந்தப் பத்து நிமிஷச் சிரிப்பு வீண் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறவருக்கு அது பெரிய ஆறுதல்.

இன்னொன்று, இது நம் ஊருக்கு மிக முக்கியமானது. மனசு சரியில்லாதவர்களை எங்கெங்கிருந்தோ அம்மன் சந்நிதிக்குக் கூட்டி வருகிறார்கள். வரட்டும், நம்பிக்கை மனசுக்குப் பலம். ஆனால் கோயிலுக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்துவதை என்னால் ஏற்க முடியாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, தர்காவை நம்பி வந்தவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்து 28 பேர் வெந்து செத்தார்கள். நாடே அதிர்ந்தது. பிற்பாடு அதே ஏர்வாடியில் துவாவும் மருந்தும் சேர்ந்தே கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். அதுதான் சரியான வழி. பம்பையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். மிரண்டுபோயிருக்கிற மனநோயாளியின் காதருகே உடுக்கையை ஓங்கி அடிப்பது மட்டும் வேண்டாம்; அவருக்கு அது பயத்தைத்தான் கூட்டும்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோலில் அடிக்கும் பம்பை ஒரு விஷயம். அதையே ஆளுயர ஸ்பீக்கரில் வைத்துத் தெருவே அதிர விடுவது வேறு விஷயம். 85 டெசிபல் சத்தத்தில் தினம் எட்டு மணி நேரம் இருந்தாலே காது கெட ஆரம்பிக்கும் என்கிறார்கள். அதற்கு மேலே போகப் போக நேரமும் மளமளவென்று குறையும். காது மந்தமாவது மறதி நோய்க்கு ஒரு காரணம் என்று லான்செட் மருத்துவ இதழின் குழு தன் அறிக்கைகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-இல் வந்த மத்திய அரசு விதி இருக்கிறது. மூளைக்கு மருந்தாக வேண்டிய தாளத்தை நாமே காதுக்கு விஷமாக்கிவிடக் கூடாது. பாட்டு கேட்கச் செவி வேண்டும். காது கேட்காத பெரியவருக்கு முதல் இசை சிகிச்சை காது மெஷின்தான்.

இவ்வளவு சொன்னபிறகு, என்னதான் செய்யலாம்?

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது. அதில் பிசியோதெரபி செய்கிறவர் வீட்டுக்கே வருகிறார். செஞ்சி அரசு மருத்துவமனைக்கும் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கும் போக முடியாதவர்களுக்கு இது பெரிய வரம். அப்படி வருகிறவர்களுக்குத் தாள நடைப் பயிற்சியையும் முறையாகச் சொல்லிக் கொடுத்து அனுப்பலாமே! செலவு ஒன்றும் இல்லை. போனில் மெட்ரோனோம் என்று போட்டால் டிக் டிக் என்று தாளம் தட்டும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. சொல்லிக் கொடுக்க ஆள் தேடித் தூர தேசம் போகவும் வேண்டாம். புதுச்சேரி அருகே பிள்ளையார்குப்பத்தில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசை சிகிச்சைக்கென்றே கல்வி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸிலும் இசையும் மூளையும் பற்றி ஆராயத் தனிக்கூடம் இருக்கிறது. நம்மிடம் வந்து சேராமல் நிற்பது கடைசிக் கொஞ்ச தூரம்தான்.

வீட்டில் செய்யக்கூடியது இன்னும் சுலபம். நோயாளி ஒரு நிமிஷத்தில் சௌகரியமாக எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள். 80 என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதே 80-க்குத் தாளம் வைத்து நடக்கட்டும். பழகியபின் ஐந்து முதல் பத்து சதவீதம், அதாவது 84-இலிருந்து 88 வரை, மெல்லக் கூட்டலாம். சமதளத்தில், பக்கத்தில் ஓர் ஆள் பிடித்துக்கொள்ளும் தூரத்தில் இருக்க வேண்டும். டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும். நாள் முழுக்க டிவியை ஓடவிட்டு, 'அப்பா ஏதோ கேட்டுக்கிட்டிருக்கார்' என்று விட்டுவிடாதீர்கள். அரை மணி நேரம் அவருக்குப் பிடித்த பாட்டை வைத்து, கூட உட்கார்ந்து, முடிந்தால் கூடவே பாடுங்கள். கும்மி தெரிந்த பாட்டியைப் பேத்திகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடியே கை தட்டினாலும் போதும்.

கடைசியாக என் வயசுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமக்குப் பிடித்த பத்துப் பாட்டு எவை என்று நம் பிள்ளைகளுக்கு அநேகமாகத் தெரியாது. பேங்க் கணக்கு எண், இன்ஷூரன்ஸ், நிலப் பத்திரம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அதே நோட்டில் ஒரு பக்கம் இந்தப் பத்துப் பாட்டுக்கும் ஒதுக்குங்கள். நாளைக்கு நாமே வாய் திறந்து கேட்க முடியாத நிலை வந்தால், அந்தப் பக்கத்தைப் பார்த்து யாராவது பாட்டு வைப்பார்கள். நான் எழுதி என் மகளிடம் காட்டிவிட்டேன். பெயர்கள் ஞாபகம் இருக்கும்போதே நீங்களும் எழுதிவிடுங்கள்.